செக்குபந்தி

மணி ஒரு தடவைதான் அடிக்கும்.
பிறகு சாவி.

வலது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டும்,
பிறகு இடது காலை.
சிறுநீர்ப் பையின் குழாய் மடங்காமல் பார்த்து,
நைட்டியை இழுத்துவிட்டு, உடம்பை நாற்காலிக்கு மாற்றி,
பிரேக்கை எடுத்து
கதவுக்கு வந்து சேர
பதினொரு நிமிடம்.
தனவேலுவுக்குப் பதினொரு விநாடி தாங்காது.
"படுத்துக்குங்க மேடம், பார்ட்டி சும்மா பாத்துட்டுப் போயிடுவாங்க"
என்றபடியே
செருப்போடு சமையலறையில் நிற்கிறார்.

முத்தியால்பேட்டையில், மணிக்கூண்டுக்குப் பின் தெருவில்
ஒன்பது வருஷமாய்க் குடியிருக்கிறேன்.
வீட்டுக்காரர் பிரான்சில்.
அவர் அப்பா சொல்தா, பென்ஷனில் எழுப்பிய வீடு.
வாடகை எந்த மாதமும் ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை.
போன மார்கழியில் வாட்ஸ்அப்பில் அவர் குரல்:
விக்கப் போறேம்மா, ஏஜென்ட் வருவாங்க, ஒத்துழைப்பு குடு.

ஒத்துழைத்தேன்.
லாஸ்பேட்டை டாக்டர் வந்தார்.
விழுப்புரத்து நகைக்கடைக்காரர் வந்தார், இரண்டு தடவை.
ஒரு தம்பதியின் குழந்தை
என் நாற்காலியில் ஏறிச் சுற்றி விளையாடியது.
கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
இறங்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.
குளியலறைக் கம்பியை ஆட்டிப் பார்த்த ஒருவர்
"இதைப் பிடுங்கினா டைல்ஸ் உடையுமா?" என்றார்,
தனவேலுவிடம்.

படம் எடுக்க வந்த பையன்
வாசல் சாய்வுப் பலகையைத் தூக்கிச் சந்தில் சாத்தினான்.
அழகுக்காக எடுத்தான், சரி.
திரும்பப் போட மறந்தான்.
சாயங்காலம் பிசியோதெரபிக்கு ஆட்டோ வந்தது,
ஹாரன் அடித்தது, போனது.
இரண்டே படி.
ஒன்று ஏழு அங்குலம், ஒன்று ஆறரை.

விளம்பரம் என் ஃபோனுக்கே வந்தது.
கிழக்குப் பார்த்த வீடு. நல்ல தண்ணீர்.
கடற்கரைக்கு நடந்தே ஆறு நிமிடம்.
குடியிருப்பவர் உடனே காலி செய்வார்.
மூன்றாவது படத்தில், பீரோக் கண்ணாடி ஓரத்தில்
பாதிச் சக்கரம்,
அதன்மேல் என் நான்கு விரல்கள்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
நகம் வெட்டியிருக்கலாம்.

பத்திர எழுத்தர் ஒருவருக்கு
வீட்டிலிருந்தே டைப் அடிக்கிறவள் நான்.
எவ்வித வில்லங்கமும் இல்லை என்று
ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அடிப்பேன்.
இந்த வீட்டின் வில்லங்கம்
இப்போது இதை அடித்துக்கொண்டிருக்கிறது:

ஷை வீட்டைப் பார்வையிட வருபவர்கள்
முதல் நாளே எழுத்தில் தெரிவிக்க வேண்டியது.
மணி அடித்தபின் பதினொரு நிமிடம் காத்திருக்க வேண்டியது.
பலகையை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாதது.
இதற்குச் செக்குபந்தி:
வடக்கே கட்டிலின் தலைமாடு,
மேற்கே குளியலறைக் கம்பி,
கிழக்கே ஜன்னலில் காயும் என் துணிகள்,
தெற்கே என் கை எட்டுகிற வரையில் கதவு.
இந்நான்கு எல்லைக்குள்பட்ட
காற்றும் கூச்சமும் தூக்கமும்
குடியிருக்கும் நாள்வரை என் சுவாதீனம்.

கதவில் ஒட்டியதைத் தனவேலு படித்தார்.
"என்ன மேடம், ரிஜிஸ்தர் ஆபீஸ் ஆக்கிட்டீங்க."
சிரித்தார். சாவியைப் பாக்கெட்டில் போட்டுத் தட்டிக்கொண்டார்.

உப்புக்காற்றில் இறுகிப்போன மேல்தாழ்ப்பாள்
எனக்கு எட்டியதே இல்லை.
தச்சர் கோதண்டத்தை வரவழைத்து
உட்கார்ந்தபடியே உயரம் காட்டினேன்.
"இவ்ளோ கீழயா?" என்றார்.
இவ்வளவு கீழேதான்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது.
சாவி திரும்பியது.
கதவு திறக்கவில்லை.
மேடம், என்றார். மேடம் மேடம், என்றார்.
வலது காலைத் தூக்கி வைத்தேன்.
வெளியே ஒரு பெண் குரல் கேட்டது: "உள்ள யாருங்க?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"குடியிருக்கிறவங்க" என்றார் தனவேலு.
பிறகு வஞ்சிரம் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அன்றைக்குப் பதின்மூன்று நிமிடம் ஆனது.
தலை சீவிக்கொண்டேன்.